ஊருக்கு ஒரு விலை: பெட்ரோல் சொல்லும் எல்லை வரலாறு

தலைநகர் வாழ் தமிழ் அன்பர்கள் நான்கு பேர் கூடுகிற இடத்தில், பேச்சு எங்கு தொடங்கினாலும் ஒரு தடவையாவது பெட்ரோல் விலைக்கு வந்து நிற்கும். "நொய்டாவில் போட்டால் இவ்வளவு மிச்சம்" என்பார் ஒருவர். "குர்காவுன்தான் லாபம்" என்பார் இன்னொருவர். ஒரே எண்ணெய், ஒரே கம்பெனி, சில சமயம் ஒரே டேங்கர் லாரி. நடுவே ஒரு சாலை அல்லது ஒரு பாலம்தான். அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. இது ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் "எல்லாம் அரசியல்" என்று முடித்துவிடுகிறார்கள். அரசியல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடியில் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அடியேன் பாத்திர வியாபாரி, பெட்ரோல் வியாபாரி அல்ல. இருந்தாலும் சரக்கு, வண்டி வாடகை, வரி மூன்றோடும் நாற்பது வருடம் மல்லாடியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எல்லையில் நின்று வரி வாங்குவது நமக்குப் புதிதல்ல. வள்ளுவர் அரசனுக்கு வரும் பொருள்களைச் சொல்லும்போது 'உல்கு' என்ற சொல்லை வைக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளுக்குப் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். வரியை எடுத்தவன் பெயர் கல்வெட்டில் நின்றது, போட்டவர்கள் பெயரை யார் நினைக்கிறார்கள்! சுங்கம் என்ற சொல்லே பாலி, பிராகிருத மொழிகளில் 'சுங்க' என்று வழங்கியதுதான். தில்லியில் பழைய நாக்கா இருந்த இடங்களைச் 'சுங்கி' என்கிறார்களே, அதுவும் நம் சுங்கமும் ஒன்றா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இந்தி அகராதிகள் 'சுங்கி' என்பதற்குக் கைப்பிடியளவு என்ற பொருளையும் தருகின்றன. சந்தைக்கு வந்த தானியத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வது வரியாயிற்று. ஆகவே ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாடாமல் இருப்பது நல்லது.

பெட்ரோலுக்கு வருவோம். அசாமில் திக்பாயில் 1889-இல் எண்ணெய் கண்டார்கள், 1901-இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆனாலும் நாட்டின் தேவையில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்தது. பம்பாய், சென்னை, கல்கத்தா போன்ற துறைமுகங்களில் இறங்கும், அங்கிருந்து ரயிலில் உள்நாட்டுக்குப் போகும். 1928-இல் அமைந்த பர்மா ஷெல் இந்த வியாபாரத்தில் முன்னணியில் நின்றது. விலை வைத்த முறை எளிது: துறைமுக விலை, அதன்மேல் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து ரயில் கட்டணம். கடலுக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு மலிவு, உள்ளே போகப்போக ஏற்றம். பழைய நான்கு காலன் மண்ணெண்ணெய் டின்கள் நம் வீடுகளில் தண்ணீர் சுமக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் பயன்பட்டது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். டின் காலியானபின் அதன் விலை எல்லா ஊரிலும் ஒன்றுதான், உள்ளே இருந்த எண்ணெய்க்குத்தான் ஊர் வித்தியாசம்.

ஆக, முதல் வித்தியாசம் தூரத்தால் வந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆரணியிலிருந்து பட்டு தில்லி வந்தால் வண்டிச் சத்தம் சேரத்தானே செய்யும்.

இரண்டாவது வித்தியாசம் வரியால் வந்தது. அது தொடங்கிய கதைதான் சுவையானது. பெட்ரோலுக்கு மத்திய அரசின் வரி 1917-இலேயே வந்துவிட்டது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குப் பொருள் விற்பனை மீது வரி போடும் அதிகாரம் கொடுத்தது. உற்பத்தி மீதான கலால் வரி மத்திய அரசிடம் இருந்தது. நாகபுரியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணமும் பேராரும் 1938-இல் பெட்ரோல், மசகெண்ணெய் சில்லறை விற்பனைக்கு 5 சதவீத வரி போட்டுச் சட்டம் செய்தன. மத்திய அரசு விடவில்லை. "இது வேறு பெயரில் வந்த கலால் வரி, எங்கள் அதிகாரத்தில் கை வைக்கிறீர்கள்" என்றது. அப்போதுதான் ஃபெடரல் கோர்ட் என்ற புது நீதிமன்றம் தில்லியில் 1937 அக்டோபர் 1 அன்று தொடங்கியிருந்தது. இன்று பழைய பாராளுமன்றம் என்று நாம் சொல்லும் வட்டக் கட்டடத்தில், மன்னர்கள் சபைக்கென்று கட்டிய மண்டபத்தில் அது நடந்தது. அந்த நீதிமன்றத்துக்கு கவர்னர் ஜெனரல் கருத்துக் கேட்டு அனுப்பிய முதல் விவகாரமே இந்தப் பெட்ரோல் வரிதான். தலைமை நீதிபதி மாரிஸ் குவையரும் சுலைமான், ஜெயகர் ஆகிய நீதிபதிகளும் விசாரித்து, பொருள் உற்பத்தியாகும் கட்டத்தில் விழுவது கலால், கடையில் விற்கும்போது விழுவது விற்பனை வரி, எனவே மாகாணம் செய்தது செல்லும் என்று கூறினார்கள்.

இதை நம்மவர் அதிகம் அறியாதது எனக்கு வருத்தம். தில்லியில் குடியிருந்துகொண்டு அந்தக் கட்டடத்தைப் பேருந்திலிருந்து எத்தனை முறை பார்த்திருப்போம்! நம் வண்டிக்குப் போடும் ஒவ்வொரு லிட்டரின் விலையிலும் ஒரு பங்கு அங்கே தீர்மானிக்கப்பட்டது.

தீர்ப்பு வந்ததும் மற்ற மாகாணங்களுக்கும் துணிச்சல் வந்தது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதன்மை அமைச்சர். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். (ஃபெடரல் கோர்ட் தொடங்கியதும் அதே நாள்தான், தற்செயல்.) கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க வேண்டுமே. 1939-இல் பெட்ரோல் விற்பனைக்கு ஒரு வரிச் சட்டமும், எல்லாப் பொருள்களுக்கும் பொது விற்பனை வரிச் சட்டமும் சென்னை கொண்டுவந்தது. பொது விற்பனை வரியில் நாட்டுக்கே முன்னோடி அதுதான். வியாபாரிகள் அன்று ராஜாஜியை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை என் தகப்பனார் காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கள்ளை நிறுத்தியதற்குக் கைதட்டியவர்களே கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னதும் முகம் சுளித்தார்களாம்!

சுதந்திரத்துக்குப் பின் அரசியல் சட்டமும் இதே பாகப்பிரிவினையை வைத்துக்கொண்டது. கலால் மத்திய அரசுக்கு, விற்பனை வரி மாநிலத்துக்கு. 1970-களில் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் கம்பெனிகள் அரசுடைமையாயின. அதன்பின் கால் நூற்றாண்டு, 2002 மார்ச் முடியும்வரை, அரசே கணக்குப் போட்டு விலை வைத்தது. அந்தக் காலத்தில் ஒரு ஊரில் எந்தக் கம்பெனி பங்க்குக்குப் போனாலும் விலை ஒன்றுதான். ஊருக்கு ஊர் வித்தியாசம் மட்டும் இருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபரில் டீசல் விலையையும் கம்பெனிகளிடம் விட்டார்கள். 2017 ஜூன் 16 முதல் தினந்தோறும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை நாடு முழுதும் வந்தது. அதற்கு முன்னோட்டமாக மே மாதம் ஐந்து ஊர்களில் நடத்திப் பார்த்தார்கள், அதில் நம் புதுச்சேரியும் ஒன்று. இதன்பிறகு ஒரே தெருவில் இரண்டு பங்க்குக்குள்ளேயே சில காசு வித்தியாசம் தெரியத் தொடங்கியது. டிப்போ எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது அது.

இப்போது விலையைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் அடக்க விலை, வண்டி வாடகை, மத்திய கலால், டீலர் கமிஷன், கடைசியில் மாநிலத்தின் வாட் வரி. கலால் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நாடு முழுக்க ஒன்று. வாட் வரியோ பல மாநிலங்களில் சதவீதக் கணக்கு. அடக்க விலை மேல் மட்டும் அல்ல, வண்டி வாடகை, கலால், கமிஷன் எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் விழும். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு ஊருக்கு லாரி வாடகை லிட்டருக்கு 3 ரூபாய் கூடுதல் என்று வையுங்கள், வாட் 30 சதவீதம் என்றால் அந்த ஊர்க்காரர் 3 ரூபாய் அல்ல, 3 ரூபாய் 90 காசு கூடுதலாகக் கொடுக்கிறார். தூரத்தில் இருப்பதற்கு வாடகை கொடுப்பது நியாயம், தூரத்தில் இருப்பதற்கு வரியும் கொடுப்பது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை நான் வரி அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார், அவ்வளவுதான்.

இதற்குக் கண்கண்ட உதாரணம் ராஜஸ்தானின் வடகோடியில் உள்ள ஸ்ரீகங்காநகர். நம்மவர் கேள்விப்படாத ஊரல்ல, கோதுமை, கின்னோ ஆரஞ்சு விளையும் கால்வாய்ப் பாசன பூமி. பெட்ரோல் அங்கே மாநிலத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள டிப்போக்களிலிருந்து லாரியில் வருகிறது. ராஜஸ்தானின் வாட் விகிதமும் உயர்ந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏற, சாதாரண பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய இடமாக 2021 பிப்ரவரி 17 அன்று அந்த ஊர் பத்திரிகைகளில் அடிபட்டது. பக்கத்திலேயே பஞ்சாபின் அபோஹர். அதற்கும் அப்பால் பட்டிண்டாவில் 2012 முதல் பெரிய சுத்திகரிப்பு ஆலையே இருக்கிறது! 2021 நவம்பரில் மத்திய அரசு கலாலைக் குறைத்ததும் பஞ்சாப் தன் பங்குக்கு லிட்டருக்கு 10 ரூபாய் குறைத்தது. ராஜஸ்தான் சில நாள் தாமதித்துத்தான் 4 ரூபாய் குறைத்தது. அந்த இடைநாட்களில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 20 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. கேனோடு எல்லை தாண்டுகிறவனைக் கள்ளக்கடத்தல்காரன் என்று போலீஸ் பிடிக்கும். விவசாயி டிராக்டருக்கு டீசல் வாங்கப் போனால் அவனும் அதே கணக்கில்தான். பங்க் வைத்திருப்பவரோ வாடிக்கையாளர் எதிர்த் திசையில் போவதைப் பார்த்துக்கொண்டு சம்பளம் கொடுக்க வேண்டும்.

பம்பாயின் கதை வேறு மாதிரி. டிராம்பேயில் 1954, 1955-ஆம் ஆண்டுகளிலேயே இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் வந்துவிட்டன. அடுப்பங்கரைக்குப் பக்கத்திலேயே இலை போட்டது போல, மலிவாகக் கிடைக்க வேண்டிய ஊர். நடந்தது தலைகீழ். மாநகராட்சி ஊருக்குள் வரும் சரக்குக்கு ஆக்ட்ராய் வாங்கியது, ஆலைக்கு வரும் கச்சா எண்ணெயும் அதில் அடக்கம். அந்தச் செலவு ஊர்க்காரர் தலையில் ஏறியது. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை 1 அன்று ஆக்ட்ராய் போயிற்று. ஆனால் மும்பை, தாணே, நவி மும்பை பகுதிக்கு மாநிலம் வைத்திருந்த உயர்ந்த வாட் விகிதம் போகவில்லை. பெட்ரோலுக்கு 26 சதவீதம் அங்கே, மற்ற மகாராஷ்டிரத்தில் 25. டீசலுக்கு 24-உம் 21-உம். 2024 ஜூலை 1 முதல்தான் அதை மற்ற இடங்களோடு சமமாக்கினார்கள்.

திண்டிவனம் பக்கத்துக்காரனான எனக்குப் புதுச்சேரி எல்லை சின்ன வயதிலிருந்தே பழக்கம். பிரெஞ்சுக்காரர் காரைக்காலை 1739-இல் பெற்றார்கள், மாஹியை அதற்கு முன்பே 1720-களில். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது. நான்கு துண்டுகளும் மூன்று மாநிலங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தாலும் ஒரே யூனியன் பிரதேசமாக, தனிச் சட்டசபையோடு, தனி வரியோடு நின்றன. பிரெஞ்சு கவர்னர்கள் மிளகுக்கும் துணிக்கும் சண்டை போட்டுப் பிடித்த ஒன்பது சதுர கிலோமீட்டர் மாஹி, இன்று கண்ணூருக்கும் வடகரைக்கும் நடுவே மலிவு பெட்ரோல் ஊராக இருக்கிறது. நெடுஞ்சாலையில் பங்க்குகள் வரிசையாக நிற்கும். கேரளத்தின் விற்பனை வரி 30 சதவீதத்துக்கு மேல், 2023 ஏப்ரல் முதல் 2 ரூபாய் செஸ் வேறு. வித்தியாசம் சில சமயம் 10 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. புதுச்சேரி அரசு நான்கு பகுதிக்கும் ஒரே விகிதம் வைப்பதில்லை. பக்கத்து மாநிலக்காரன் என்ன வாங்குகிறான் என்று பார்த்து மாஹிக்குக் குறைவாகவும் ஏனாமுக்குக் கொஞ்சம் கூடவும் வைத்தார்கள். 2025 ஜனவரியில் எல்லா விகிதங்களையும் உயர்த்தியபோதும் இந்த வரிசை மாறவில்லை. இது வியாபாரி புத்தி, மெச்சத்தான் வேண்டும். எதிர்க்கடையைப் பார்த்து விலை வைக்காதவன் எப்படிக் கடை நடத்துவது?

கோவாவும் இப்படி ஒரு தடவை செய்து பார்த்தது. 2012 ஏப்ரலில் மனோகர் பாரிக்கர் அரசு பெட்ரோல் வாட் வரியை 20 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாக்கியது. லிட்டருக்கு 11 ரூபாய் வாக்கில் இறங்கியது. அக்கம்பக்கத்துக் கார்வார், சாவந்த்வாடி வண்டிகள் அங்கே திரும்பின. பிறகு வருமானம் வேண்டியிருந்தது, வரி மெல்ல மெல்ல ஏறிவிட்டது. மலிவு என்பது நிரந்தரமான சொத்தல்ல.

நம் தில்லி இந்த ஆட்டத்தில் இரு பக்கமும் ஆடியிருக்கிறது. பல வருடம் தில்லிதான் மலிவு, சுற்றியுள்ளவர்கள் இங்கே வருவார்கள். பக்கத்து மாநிலங்கள் ஒன்றின் வியாபாரத்தை ஒன்று இழுக்காமல் இருக்கக் குறைந்தபட்ச வரி விகிதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியதெல்லாம் உண்டு. 2018 அக்டோபரில் மத்திய அரசு இரண்டரை ரூபாய் குறைத்து, மாநிலங்களும் குறைக்கச் சொன்னது. உத்தரப்பிரதேசமும் ஹரியாணாவும் குறைத்தன, தில்லி குறைக்கவில்லை. அதே மாதம் 22-ஆம் தேதி தில்லியின் சுமார் 400 பங்க்குகள் ஒரு நாள் கடையடைத்தன. 2020 மே 5 அன்று தில்லி அரசு பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் வாட் 30 சதவீதமாக்கியது. அதன் விளைவு, ஜூன் 24 அன்று டீசல் 79 ரூபாய் 88 காசு, பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. டீசல் விலை பெட்ரோலை மிஞ்சிய அதிசயத்தைத் தலைநகர் கண்டது. ஜூலை முடிவில் டீசல் வரியைப் பழைய 16.75 சதவீதத்துக்கே இறக்கினார்கள், ஒரேயடியாக 8 ரூபாய் 36 காசு குறைந்தது.

அடுத்த ஆண்டு பெட்ரோலில் அதே கதை. 2021 நவம்பரில் அண்டை மாநிலங்கள் வாட் குறைக்க, நொய்டாவில் 95 ரூபாய் 51 காசு, தில்லியில் 103 ரூபாய் 97 காசு. ஏறக்குறைய நான்கு வாரம் இப்படி. எங்கள் கடை டெம்போ டிரைவர் தம்பி தினமும், "ஐயா, அந்தப் பக்கம் போய்ப் போட்டுட்டு வந்துடறேனே" என்பான். நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முப்பது லிட்டருக்கு மிச்சம் 250 ரூபாய் சொச்சம். போய்வர இருபத்தைந்து கிலோமீட்டர் என்றால் வண்டி குடிப்பது இரண்டு லிட்டர், அதில் 190 ரூபாய் போச்சு. நெரிசலில் ஒன்றரை மணி நேரம், டெலிவரி தாமதம். எல்லைக்குப் பக்கத்தில் ஏற்கனவே வேலை இருந்தால் போடு, அதற்கென்று போகாதே என்று சொன்னேன். ஆனால் எல்லையோரம் குடியிருக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாமே, அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். டிசம்பர் 1 அன்று தில்லி வாட் வரியை 30-லிருந்து 19.40 சதவீதமாக்கியது. மறுநாள் விலை 95 ரூபாய் 41 காசு. நொய்டாவைவிடப் பத்து காசு குறைவு! எதிர்க்கடை விலையைப் பார்த்து வைத்தது போலவே இல்லையா?

இத்தனை தொல்லை எதற்கு, நாடு முழுதும் ஒரே விலை வைத்துவிடலாமே என்று நம் சங்கக் கூட்டத்தில் ஒரு இளைஞர் கேட்டார். இரும்பில் அதைச் செய்து பார்த்தார்கள். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம்வரை வண்டி வாடகையைச் சமப்படுத்தி, எந்த மூலையிலும் உருக்கு ஒரே விலை என்று வைத்திருந்தார்கள். தூரத்தில் இருந்த நம் போன்ற உலோக வியாபாரிகளுக்கு அது நன்மைதான், மறைப்பானேன். ஆனால் சுரங்கத்தை மடியில் வைத்திருந்த பீகாரும் வங்காளமும் பக்கத்திலிருக்கும் அனுகூலத்தை இழந்தன. தொழில் அங்கே போவதற்கு ஒரு காரணம் குறைந்தது. எனவே தூரத்தின் விலையை முழுக்கத் துடைத்துவிடுவதும் யாரோ ஒருவர் பையிலிருந்து எடுப்பதுதான். என் அபிப்பிராயம், வாடகையைத் தனியாகக் காட்டி அதன்மேல் வரி போடாமல் விட்டால் போதும், கங்காநகர்க்காரருக்குப் பாதி குறை தீரும்.

ஜி.எஸ்.டி.யில் சேர்த்தால் எல்லை வித்தியாசம் போய்விடும் என்பார்கள். 2016-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோதே பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தையும் கவுன்சில் நாள் குறிக்கும்வரை வெளியே வைத்துவிட்டார்கள். கேரள உயர்நீதிமன்றம் கேட்டதன்பேரில் 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய கவுன்சில் இதை எடுத்துப் பேசி, இப்போது அதற்கு நேரமில்லை என்று வைத்துவிட்டது. எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் முன்வரவில்லை. இதை வெறும் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். மாநிலம் தன் விருப்பப்படி ஏற்றவும் இறக்கவும் கையில் மிஞ்சியிருப்பது சாராயமும் பெட்ரோலும்தான். 1938-இல் நாகபுரிக்காரர்கள் வாதாடிப் பெற்றதை அவ்வளவு எளிதாக யார் விடுவார்கள்? ராஜாஜி முதலாவதை விட்டு இரண்டாவதைப் பிடித்தார். இன்றைய மாநிலங்கள் பல இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒரு செய்தி. 2024 அக்டோபர் முடிவில் எண்ணெய்க் கம்பெனிகள் டீலர் கமிஷனை உயர்த்தியபோது, ஒரு மாநிலத்துக்குள்ளே டிப்போவிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கான வாடகையையும் சீர்செய்தன. ஒடிசாவில் மல்கான்கிரி மாவட்டத்துக் காலிமேலாவில் பெட்ரோல் லிட்டருக்கு 4 ரூபாய் 55 காசு குறைந்தது, குனன்பள்ளியில் 4 ரூபாய் 69 காசு. சத்தீஸ்கரின் சுக்மாவில் 2 ரூபாய்க்குச் சற்று மேல். காட்டுக்குள் இருக்கும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தாண்டிப்போய்ப் போட்டுவர நொய்டா போல ஒரு எதிர்க்கரை பக்கத்தில் கிடையாது. இத்தனை வருடம் அவர்கள் கூடுதல் வாடகையையும், அதன்மேல் வரியையும் சேர்த்துத்தான் கொடுத்து வந்தார்கள்.